கனம்

நான் குதிரை ஏறியதில்லை. ஜட்காவில் உட்கார்ந்து குதிரையின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டு போனதோடு சரி. ஆயினும் சில நாட்களாக டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். 1944இல் போலியோ தாக்கி அவருக்கு முழங்காலுக்குக் கீழே செயலற்றுப்போயிற்று. சவாரியில் கட்டளை பெரும்பாலும் கால்வழியே போவது: விலாவில் ஓர் அழுத்தம், பிறகு ஒரு தளர்வு. அந்த பாஷை அவரிடம் இல்லை. மிஞ்சியது முதுகும் உடலின் கனமும். அவரது குதிரை ஜூபிலி அந்தக் கனம் இடம் மாறுவதை வாசிக்கப் பழகியது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், டிரெஸ்ஸாஜ் போட்டி முதன்முறையாகப் பெண்களுக்குத் திறந்தபோது, இருவரும் வெள்ளி வென்றார்கள். ஏறவும் இறங்கவும் பிறர் கை வேண்டியிருந்தது, ஏறியபின் வேண்டியிருக்கவில்லை.

இதை மனோதிடத்தின் வெற்றி என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு முக்கியமாகப் படுவது குதிரை. கட்டளை மெலிந்த இடத்தில் அதன் கவனம் கூடியாக வேண்டும். இசைவு என்பது கீழ்ப்படிதல் அல்ல. இரு தரப்பிலும் நடக்கும் வாசிப்பு. நம் கவிஞர்களில் பலர் சொல்லை உதைத்தே ஓட்டுகிறார்கள், வாசகனையும்தான். உதைக்க வழியில்லாமல் போனால் அவர்களிடம் மிஞ்சும் கனம் எவ்வளவு? விமர்சனத்தையும் இந்தக் கேள்வி விட்டுவைக்காது.