ஹலாலுக்கும் ஓர் எல்லை

உண்ண அனுமதிக்கப்பட்டது என்பதும், எங்கும் எப்போதும் கொன்று உண்ணலாம் என்பதும் ஒன்றல்ல. மார்க்கம் அறிந்தோருக்கு இது பழைய பாடம். ஆயினும் பாடமாக அறிந்த ஒன்றைக் கண்ணாற் கண்டு உணரும் வாய்ப்பு எல்லோருக்கும் எளிதிற் கிட்டுவதில்லை. தை மாதத்தில் ஒருநாள் எங்கள் குடும்பத்துக்கு அது கிட்டியது.

ஆத்தங்குடியில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தோம். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் குழம்பை ஊற்றி, மணலும் சிமெண்டும் சேர்த்துக் கையால் வார்த்தெடுக்கும் தரைக்கற்களால் பெயர்பெற்ற ஊர் அது. பட்டறைகளைப் பிள்ளைகள் முதல்நாளே பார்த்துவிட்டார்கள். மறுநாள் சுபுஹுத் தொழுகை முடிந்ததும், எண்பதைக் கடந்த அத்தா முதல் ஆறு வயதான என் இளைய மகன் வரை அனைவரும் ஒரு வேனில் ஏறித் திருப்பத்தூர் வழியாக வேட்டங்குடிக்குப் புறப்பட்டோம். ஏறும்போதே அத்தா ஓட்டுநரிடம், "வழியில் யாராவது கொக்கு விற்றால் நிறுத்து, தம்பி" என்று சொல்லிவைத்தார்கள். மழைக்காலம் முடிந்தால் அவர்கள் இளமையில் வீட்டுக்கு வீடு கொக்குக் கறி மணக்குமாம்.

வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி ஆகிய கண்மாய்களைச் சேர்த்து 1977 இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். மொத்தப் பரப்பு 40 ஹெக்டேருக்கும் குறைவு. ஆனால், வடகிழக்குப் பருவமழை கண்மாயை நிரப்பிய ஆண்டில், நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் இலை எது, இறகு எது என்று தெரிவதில்லை. நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், வக்கா, நீர்க்காகம் என்று ஒவ்வொன்றையும் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கண்டுபிடித்தார்கள். அத்தாவோ கரையோரத்தில் நின்ற கொக்குகளையும் தாராக்களையும் பார்த்தபடி, "ஏம்ப்பா, இதெல்லாம் ஹலால்தானே? பிடிக்கக் கூடாது என்று எதற்குக் காவல்?" என்று கேட்டார்கள்.

பதிலைச் சொன்னவர் கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஊர்ப் பெரியவர். இந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பல்லாண்டுகளாக இதுவே வழக்கம். ஓசைக்கு அஞ்சிப் பறவைகள் கூட்டையும் குஞ்சையும் விட்டுப் பறந்துவிடுமே என்பதுதான் காரணம். வனத்துறையினர் தீபாவளிக்கு இனிப்புக் கொடுத்து ஊராரைப் பாராட்டுவார்கள். "பிள்ளைகள் கேட்காதா?" என்றேன். "விருந்தாளி வீட்டில் இருக்கும்போது சத்தம் போடுவோமா, ஐயா? அதன் எச்சம் விழுந்த தண்ணீர் எங்கள் வயலுக்கு உரம்" என்றார் அவர்.

அத்தா நெடுநேரம் பேசவில்லை. பிறகு பேரனைப் பக்கத்தில் அழைத்துச் சொன்னார்கள்: "நான் ஹஜ்ஜுக்குப் போனபோது மக்காவில் புறாக்கள் காலடியில் நடந்தன. புறா ஹலால்தான். ஆனால் ஹரத்தின் எல்லைக்குள் எவரும் அதை வேட்டையாட முடியாது. இஹ்ராம் உடுத்தியவர் எல்லைக்கு வெளியே நின்றாலும் தரையில் வாழும் எதையும் வேட்டையாட முடியாது. மீறினால் பரிகாரம் கொடுக்க வேண்டும்."

ஒரு கண்மாயைப் புனித ஹரத்தோடு ஒப்பிடுவதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். அதன் சிறப்பு அதற்கே உரியது. ஆயினும், ஆகுமான ஒன்றிலிருந்தும் இடமும் காலமும் கருதிக் கையை விலக்கிக்கொள்ளும் பயிற்சியை அல்லாஹ் நமக்குக் கடமையாகவே தந்திருக்கிறான். தாய்ப்பறவை தவித்ததைக் கண்டு, எடுத்த குஞ்சுகளைத் திருப்பி வைக்கச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத் நாம். 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய பறவைகளைப் பிடிப்பதையும் விற்பதையும் குற்றம் என்கிறது. அந்தச் சட்டத்துக்கு நம்மிடையே அந்நியம் பாராட்டக் காரணமே இல்லை.

திருப்பத்தூரில் லுஹர் தொழுதுவிட்டு, முன்னரே அனுமதி பெற்றிருந்தபடி செட்டிநாட்டிலுள்ள அரசு கால்நடைப் பண்ணைக்குச் சென்றோம். புல்லும் முட்புதருமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் விரியும் நிலம். அதனுள்ளே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போர் விமானங்களுக்காகப் போடப்பட்ட ஓடுதளம் கிடக்கிறது. குண்டு சுமந்த இயந்திரங்களுக்கென்று அமைத்த நிலம் போர் முடிந்தபின் ஆடுமாடுகளின் மேய்ச்சலுக்கு ஆயிற்று.

அங்கே எனக்கு 'ஹிமா' நினைவுக்கு வந்தது. பொது நன்மைக்கென ஒதுக்கிக் காக்கும் மேய்ச்சல் நிலத்துக்கு அரபியில் அப்பெயர். மதீனாவை அடுத்த நகீஃ என்னுமிடத்தை நபிகளார் அவ்வாறு ஒதுக்கினார்கள். பின்னர் உமர் (ரலி) அவர்கள் தம் ஹிமாவின் காவலருக்கு, சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடைய எளியவர்களை உள்ளே விடும்படியும், பெருஞ்செல்வர்களின் மந்தைகளுக்கு இடங்கொடாதபடியும் கட்டளையிட்டார்கள். காவல் என்பது வலியவன் வேலிபோட்டு வைத்துக்கொள்வதல்ல. எளியதன் பங்கு பறிபோகாமல் பார்ப்பது. கண்மாய்ப் பறவைக்கும் மேய்ச்சல் மாட்டுக்கும் அது பொருந்தும். இச்சீமையின் புலிக்குளம் மாடுகளைக் கிடை போட்டு வயலுக்கு உரமேற்றும் உழவரும், பறவை எச்சத்தை நம்பும் உழவரும் அறிந்த கணக்கு ஒன்றே: நாம் விட்டுக்கொடுத்த இடத்துக்கு அவை வாடகை தந்துவிடுகின்றன.

மாலையில் திரும்பும் வழியில் ஓரிடத்தில், காலைக் கட்டிய கொக்குகளைக் கழியில் தொங்கவிட்டபடி ஒருவன் சாலையோரம் நின்றான். சொல்லிவைத்தது நினைவிருந்ததால் ஓட்டுநர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "வேண்டாம் தம்பி, போ" என்றார்கள் அத்தா. "ஏன் நன்னா?" என்றான் என் மகன். "அது அந்த ஊர்க்காரர்களின் விருந்தாளியப்பா."

அண்டை வீட்டாருக்காகவும் விருந்தாளிக்காகவும் விட்டுக்கொடுப்பது நமக்குச் சுன்னத். ஓர் ஊரே தன் பெருநாளின் ஓசையை ஆண்டுதோறும் விட்டுக்கொடுத்து நிற்கிறது. அந்த ஊரின் கண்மாய்க்கரையில் நிற்கும்போது, நம் பங்குக்கு நாம் எதை விட்டுக்கொடுத்தோம் என்று ஒவ்வொரு குடும்பமும் கேட்டுக்கொள்வது நல்லது. எங்கள் வீட்டில் கொக்குக் கறிப் பேச்சு அன்றோடு நின்றது. இது சிறிய கொடைதான், ஆனாலும் தொடக்கம்.