பிளேட்டை யார் இறக்குவது?

பெரம்பூரில் ஒரு சந்து. மருந்துக் கடைக்கு மேலே முதல் மாடியில் இயங்குகிறது அந்த ஜிம். காலை ஐந்தரைக்கே ஷட்டரைத் தூக்கிவிடுகிறார்கள். நான் படியேறியபோது ஆறு மணி தாண்டியிருந்தது. உள்ளே நிற்க இடமில்லை. பிளஸ் டூ முடித்த பையன்கள், போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், ஐ.டி. வேலைக்கு ஓட வேண்டியவர்கள், ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர்கள், சர்க்கரைக்கு டாக்டர் சொல்லி வந்த அம்மாக்கள் என்று எல்லோரும் ஒரே கூடத்தில். இத்தனை பேருக்கும் ஸ்குவாட் ரேக் ஒன்று, லெக் பிரஸ் ஒன்று, லாட் புல்டவுன் ஒன்று, டிரெட்மில் இரண்டு.

வெவ்வேறு வயதுக்காரர்கள் ஒரே கருவியை எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்று பார்க்கத்தான் போயிருந்தேன். மரியாதைக்கு அங்கே குறைவே இல்லை. 'அங்கிள்', 'ஆன்ட்டி' என்று கூப்பிடாமல் எந்தப் பையனும் பேசவில்லை. சண்டை இல்லை, முறைப்பு இல்லை. ஆனாலும் பெரியவர்களில் பாதிப் பேர் கனமான கருவிகள் பக்கமே போகாமல், ஜன்னல் ஓரத்து சைக்கிளை மிதித்துவிட்டுக் கிளம்பினார்கள். ஏன் என்பது லெக் பிரஸ் பக்கத்தில் நின்றபோது புரிந்தது.

இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பையன் பக்கத்துக்கு நான்கு வீதம் எட்டு இருபது கிலோ பிளேட்டுகளை ஏற்றி மிதித்துக்கொண்டிருந்தான். மொத்தம் 160 கிலோ. முடித்ததும் எழுந்து, "வாங்க அங்கிள், நீங்க போடுங்க" என்று மனதார அழைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலோடு நகர்ந்தான். அடுத்து நின்றவருக்கு எழுபது இருக்கும். மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறது என்று வந்தவர். அவருக்குத் தேவைப்பட்டது பக்கத்துக்குப் பத்து கிலோதான். ஆனால் அதற்கு முன்னால் 160 கிலோவையும் அவர் இறக்கியாக வேண்டும். ஒவ்வொரு பிளேட்டையும் நெஞ்சோடு அணைத்து உருவி, திரும்பி, குனிந்து, ஸ்டாண்டில் மாட்டினார். நான்காவதை மாட்டிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். மிச்சத்துக்கு நான் போய்க் கைகொடுத்தேன். பயிற்சி தொடங்கும் முன்பே அவருடைய அன்றைய தெம்பில் பெரும்பகுதி கரைந்துவிட்டது.

அந்தப் பையனிடம் பிறகு பேசினேன். "நான் மெஷினை உடனே விட்டுட்டேனே சார்" என்றான். பொய் சொல்லவில்லை. இருக்கையைத்தான் விட்டிருந்தான், எடையை விடவில்லை. அந்த எட்டு பிளேட்டும் கம்பியில் இருக்கும்வரை லெக் பிரஸ் அவன் வயதுக்காரர்களுக்கு மட்டுமே திறந்திருக்கிறது. ஒரு ஜிம்மில் பெரியவர்களும் பெண்களும் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கிறார்கள் என்றால், யாரோ விரட்டியதால் இருக்க வேண்டியதில்லை. முந்தைய ஆள் விட்டுப்போன எடையே அந்த வேலையைச் செய்துவிடும்.

ஜிம் கருவிகளில் இரண்டு ரகம். லாட் புல்டவுன் போன்றவற்றில் எடைகள் அடுக்காக உள்ளேயே இருக்கும். ஒரு பின்னை உருவி வேறு துளையில் செருகினால் 70 கிலோ 15 கிலோவாகிவிடும். லெக் பிரஸ், ஸ்குவாட் ரேக், பெஞ்ச் பிரஸ் எல்லாம் பிளேட்டைக் கையால் தூக்கி மாட்டுகிறவை. போட்டிகளில் ஆண்கள் தூக்கும் கம்பியே வெறுமையாக 20 கிலோ, பெண்களுடையது 15 கிலோ. ஏற்றி விட்டுப்போன கம்பியில் ஓர் ஆபத்தும் உண்டு. ரேக்கில் இருக்கும் கம்பியின் ஒரு பக்கத்து பிளேட்டுகளை மொத்தமாக உருவினால் மறுபக்கத்துக் கனம் கம்பியைக் கவிழ்த்துவிடும். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித்தான் இறக்க வேண்டும். பழகியவர்களுக்கு இது தெரியும். டாக்டர் சீட்டோடு நேற்று சேர்ந்தவருக்குத் தெரியாது. ஆகவே இறக்கும் வேலை ஏற்றியவருடையதுதான். வயதுக்காகக் காட்டும் சலுகையாக இதை நினைக்க வேண்டாம். எழுபது வயதுக்காரர் பத்து கிலோ ஏற்றினாலும் அவரும் இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும்.

பையன்கள் பக்கத்தையும் கேட்டேன். அவர்களுக்கும் மனத்தாங்கல் இருக்கிறது, அதில் நியாயமும் இருக்கிறது. "பெஞ்சுல உட்கார்ந்து போன் பார்க்கிறான்னு அங்கிள்ங்க திட்டுறாங்க சார். நான் ரெஸ்ட்ல இருக்கேன்" என்றான் ஒருவன். கனமான எடையை ஐந்து முறை தூக்கியவனுக்கு அடுத்த செட்டுக்கு முன் மூன்று முதல் ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். தசை அந்தக் கணத்து வேகத்துக்குச் செலவழித்த சக்தி திரும்பச் சேர அவ்வளவு நேரம் பிடிக்கிறது. பார்க்கிறவர் கண்ணுக்கு அவன் சும்மா இருக்கிறான். உண்மையில் அவனும் பயிற்சியில்தான் இருக்கிறான். இன்னொரு பக்கம், செட்டே போடாமல் கருவியின் இருக்கையில் அமர்ந்து அரசியல் பேசிக்கொண்டிருந்த இரண்டு பெரியவர்களையும் பார்த்தேன். சுற்றிக் காத்திருந்த மூன்று பையன்களில் ஒருவனுக்கும் "அங்கிள், கொஞ்சம் எழுந்திருங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. மரியாதை அந்த இடத்தில் பையன்களின் வாயைக் கட்டிவிட்டது. பெரியவர்கள் தாங்களாக உணர்ந்து எழுந்திருக்க வேண்டிய இடம் அது.

இரண்டு பக்கத்துக்கும் தீர்வு அந்த இடைவெளியிலேயே இருக்கிறது. லாட் புல்டவுன் பக்கத்தில் அதைக் கண்ணாலேயே பார்த்தேன். கல்லூரி மாணவன் ஒருவன் செட் முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். சுரிதாரும் கேன்வாஸ் ஷூவுமாக வந்த ஓர் அம்மா கேட்டார்: "தம்பி, இன்னும் எத்தனை செட்டு?"

"ரெண்டு இருக்கு ஆன்ட்டி. நடுவுல நீங்க ஒண்ணு போடுங்களேன்."

அவனே எழுந்து பின்னை 15-க்கு மாற்றினான். அவர் பத்து முறை இழுத்தார். எழுந்ததும் அவரே பின்னை அவனுடைய 60-க்கு மாற்றி வைத்தார். மாறி மாறி இருவரும் செட்டுகளை முடித்தபோது யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பின்னை உருவிச் செருகுவதற்கு ஆனது சில நொடி. நான் அன்று பார்த்ததிலேயே மனதுக்கு நிறைவான காட்சி அதுதான். அதைத் தொடங்கி வைத்தது 'எத்தனை செட்டு' என்ற கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்குகிறவர்கள்தான் ஜன்னல் ஓரத்துச் சைக்கிளோடு திரும்பிப் போகிறார்கள்.

வயதானவர்களுக்கு நடை போதாதா, எதற்கு இந்த இரும்பெல்லாம் என்று கேட்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். போதாது. 1990-ல் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாஸ்டனில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய 10 பேருக்குக் கால்களுக்கான எடைப் பயிற்சியை 8 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். முடித்த 9 பேருக்கும் சராசரியாகக் கால் வலிமை 174 சதவீதம் கூடியிருந்தது. தொண்ணூறிலும் தசை பதில் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயது வந்தவர்கள் எல்லோருக்கும் வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது. 65 வயதைத் தாண்டியவர்கள், கீழே விழுவதைத் தவிர்க்க, சமநிலையையும் வலிமையையும் வளர்க்கும் பயிற்சியை வாரத்தில் 3 நாளாவது செய்ய வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2011 கணக்கெடுப்பிலேயே 10.4 சதவீதம். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து படுத்த ஒருவரையாவது நம் குடும்பத்தில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த லெக் பிரஸ் வரிசையில் மற்ற எல்லோரையும்விடத் தேவை அதிகமுள்ளவர் அந்த எழுபது வயதுக்காரர்தான்.

டிரெட்மில் பக்கம் கண்டது சுருக்கமானது, ஆனால் அபாயமானது. ஓடி முடித்தவர் பெல்ட்டை நிறுத்தாமல் இறங்கிப் போகிறார். பின்னால் வருகிறவர் நின்றிருக்கிறது என்று நினைத்துக் கால் வைக்கிறார். நிறுத்திவிட்டு இறங்குங்கள்; அவசர நிறுத்தக் கயிற்றின் கிளிப்பைச் சட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள். வேர்வையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர்ப் புழுக்கத்தில் பெஞ்சில் படுத்து எழுந்தால் முதுகின் அச்சு அப்படியே தெரிகிறது. மருந்துக்கு எளிதில் மசியாத படர்தாமரை இந்த நாட்டில் பரவி வருவதாகத் தோல் மருத்துவர்கள் சில ஆண்டுகளாகவே எச்சரிக்கிறார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோல் தொற்று ஆறவும் நாளாகும். பெஞ்சில் விரிக்க ஒரு துண்டு, துடைக்க ஒரு துண்டு கொண்டுபோவது எல்லா வயதுக்கும் பொது.

அறிவுரை ஒரு தனிக் கதை. ஸ்குவாட்டில் பாதி இறங்கியிருந்த ஒரு பையனிடம், "என்ன தம்பி, அப்பா சௌக்கியமா?" என்று கேட்டார் ஒருவர். அன்பான விசாரிப்புதான். ஆனால் தோளில் கனத்தோடு மூச்சைப் பிடித்திருக்கிறவனால் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. எதிர்ப்பக்கத்தில், பையன் ஒருவன் ரத்த அழுத்தம் உள்ள பெரியவருக்கு "மூச்சைப் பிடிச்சுத் தூக்குங்க அங்கிள்" என்று கற்றுக்கொடுத்தான். அவனுக்கு ஒத்துவந்த முறை அவருக்கு ஆபத்து. மூச்சைப் பிடித்துத் தம் கட்டும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டியவர் அவர். எல்லோரையும்விட அதிகமாக அறிவுரை கிடைத்தது டம்பெல் பக்கம் தனியாக நின்ற ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு. கேட்காமலே மூன்று பேர் வந்து சொல்லிக்கொடுத்தார்கள், மூன்றும் மூன்று விதம். மூன்றாமவர் போனதும் அவள் டம்பெல்லை வைத்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டாள். யாராவது காயப்படப் போகிறார் என்றால் ஓடிப்போய்த் தடுக்கலாம். மற்றதெல்லாம் மாஸ்டரின் வேலை.

மாஸ்டர் முப்பத்தைந்து வயதுக்காரர், அக்கறை உள்ளவர். சுவரில் பதினோரு விதிகள் எழுதி வைத்திருக்கிறார்: ஷூ கட்டாயம், எச்சில் துப்பக் கூடாது, மாதக் கட்டணம் ஐந்தாம் தேதிக்குள். பிளேட்டை இறக்கி வைப்பது அந்தப் பதினொன்றில் இல்லை. "எழுதணும் சார். சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது" என்றார். பத்தரை மணியிலிருந்து பெண்களுக்குத் தனி நேரம். முதலில் வருகிறவர்கள், காலை ஆட்கள் விட்டுப்போன பிளேட்டுகளை இறக்குவதிலேயே பத்து நிமிடம் செலவழிக்கிறார்களாம்.

மாலையில், வேறொரு பகுதியில் உள்ள ஒரு பூங்காவின் ஓப்பன் ஜிம்முக்குப் போனேன். மஞ்சளும் பச்சையுமாய் வண்ணம் பூசிய இரும்புக் கருவிகள். அங்கே நிலைமை வேறு. பெரும்பாலான கருவிகள் நம் உடல் எடையையே எதிர்த்து இயங்குகிறவை. ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம். பேரன் இறங்கியதும் பாட்டி அப்படியே ஏறலாம். புடவைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டு இடுப்பு சுழற்றும் தட்டில் நின்ற ஒரு பாட்டி, வரிசையில் நின்ற பெண்ணோடு பேசிக்கொண்டே முடித்து இறங்கினார். உரசல் எதுவும் இல்லை.

அங்கே சிக்கல் சிறு பிள்ளைகள். காற்றில் நடக்கும் கருவியை அவர்கள் ஊஞ்சலாக்கிவிட்டார்கள். அதன் இரும்புக் கால்மிதி முன்னும் பின்னும் வீசும் உயரத்தில்தான் மூன்று வயதுக் குழந்தையின் தலை இருக்கிறது. இத்தகைய வெளிப்புறக் கருவிகளுக்கான ஐரோப்பியத் தரநிலை, 140 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் உள்ளவர்களுக்கானவை இவை என்று வரையறுக்கிறது. பிள்ளைகளைத் திட்டி விரட்டினார் ஒரு தாத்தா. அவர்கள் எங்கே போவார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். விளையாட்டுப் பகுதியில் சறுக்குமரம் விரிசல் விட்டுக் கிடந்தது; ஊஞ்சலுக்குச் சங்கிலி மட்டும் இருந்தது, பலகை இல்லை. பிள்ளைகளுக்கு உரியதைச் சரிசெய்து கொடுத்தால் பெரியவர்களுக்கு உரியது தானாக அவர்கள் கைக்கு வந்துவிடும்.

ஜிம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான் பார்த்த கூடத்தில் 20, 25 கிலோ டம்பெல்கள் அடுக்கின் மேல்தட்டில் இருந்தன. 2 கிலோ, 3 கிலோ டம்பெல்கள் தரையில், பெஞ்சுக்கு அடியில் உருண்டு கிடந்தன. முழங்கால் வலிக்காரர் குனிந்து தேட வேண்டியிருக்கிறது. தலைக்கு நேரே 25 கிலோ இருக்கிறது. நாளைக் காலை ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள். கனமானவை கீழ்த்தட்டில், இலகுவானவை இடுப்பு உயரத்தில் இருக்கட்டும். பிளேட்டை ஏற்றியவரே இறக்க வேண்டும் என்பதைப் பன்னிரண்டாவது விதியாக லெக் பிரஸ்ஸின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.