சுரு பள்ளத்தாக்கில் தனியே சென்ற ஒரு நாள்



பயணத்தின் ஒழுக்கங்களைப் பற்றி மதரஸாவில் ஆண்டுதோறும் பாடம் நடத்துபவன் நான். அந்தப் பாடத்தில் ஒன்றை நானே மீறிய ஒரு நாளைப் பற்றி எழுதுமாறு என் மாணவர் ஒருவர் கேட்டுக்கொண்டார். நெடுநாள் தயங்கினேன். என் மனைவியின் ஒப்புதலோடு இப்போது எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சுந்தரபாண்டியம். வீட்டு வாசலில் நின்றால் மேற்கே மலைத்தொடர் தெரியும். சிறுவயதில் தொழுகைக்கு நிற்கக் கற்றுத்தந்த என் அத்தா, "மலையைப் பார்த்து நில்லு, கொஞ்சம் வடக்கே சாஞ்சுக்க" என்பார். மலையும் கிப்லாவும் என் மனத்தில் அன்றே ஒன்றாகக் கலந்துவிட்டன. நாற்பது வயதைக் கடந்த பின்னும் பெரிய மலைகளைக் காணும் ஆசை தீரவில்லை. 2022 ஆகஸ்ட் இறுதியில் பத்து நாள் விடுப்பு கிடைத்தது. உடன் ஓதிய பழைய நண்பர் ஒருவரும் நானும் லடாக் செல்ல முடிவு செய்தோம்.

புறப்படும்போது மனைவி சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "என்னங்க, தனியா மட்டும் எங்கயும் போயிராதீங்க. சேந்து போறீங்க, சேந்தே வாங்க." சரி என்று வாக்களித்தேன்.

லே நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயிர்வளி குறைந்த அந்தக் காற்றுக்கு உடல் பழக இரண்டு நாள் ஓய்வெடுத்தோம். பிறகு ஆளுக்கொரு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வாடகைக்கு எடுத்தோம். தமிழ்நாட்டில் செய்யப்பட்ட வண்டி என்பதில் ஒரு சிறு மகிழ்ச்சி. ஃபோட்டு லா கணவாயைக் கடந்து கார்கில் வந்து சேர்ந்த இரவில் நண்பருக்கு வயிறு கெட்டுவிட்டது. மறுநாள் அவரால் எழ முடியாது என்பது தெளிவாகத் தெரிந்தது.

மறுநாள்தான் நாங்கள் ஸான்ஸ்கார் செல்வதாக இருந்தது. கார்கிலிலிருந்து சுரு ஆற்றை ஒட்டித் தெற்கே சென்று, பென்ஸி லா என்னும் கணவாயைத் தாண்டிப் பதும் என்ற ஊரை அடையும் பாதை அது. ஏறத்தாழ 230 கி.மீ. நண்பர், "ஒரு நாள் பொறுத்துப் போகலாம்" என்றார். எனக்குப் பொறுமை இல்லை. அன்றிரவு மனைவி தொலைபேசியில் அழைத்தார்.

"நாளைக்கு எங்க போறீங்க?"

"ஸான்ஸ்கார் பக்கம்."

"ரெண்டு பேரும்தானே?"

"ஆமா."

ஒரே ஒரு சொல். நண்பர் கட்டிலில் படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை; முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

தனியே பயணம் செய்வதில் உள்ள தீங்கை மக்கள் அறிந்திருந்தால் இரவில் எவரும் தனியே வாகனத்தில் செல்லமாட்டார் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. அதை நான் மாணவர்களுக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அன்றிரவு அதற்கு எதிரான வாதங்களையும் நானே எனக்கு எடுத்துரைத்தேன். செய்தி இரவைக் குறித்தது, நான் செல்வது பகலில். அச்சமற்ற பாதையில் தனியே செல்லலாம் என்று விளக்கமளித்த அறிஞர்களும் உள்ளனர். புகாரியில் அதே பாடத்தலைப்பின் கீழ், அகழ்ப்போரில் எதிரிகளின் நிலையை அறிந்துவர ஸுபைர் (ரலி) அவர்கள் தாமாக முன்வந்த நிகழ்ச்சியும் உள்ளது. இவ்வளவையும் அடுக்கியவன், ஸுபைர் (ரலி) அவர்கள் ஒரு சமுதாயத்தைக் காக்கச் சென்றார்கள், நான் பனியாறு பார்க்கச் செல்கிறேன் என்பதை மட்டும் எண்ணவில்லை. கற்ற கல்வி தன் விருப்பத்துக்குச் சாட்சி சொல்ல அழைக்கப்படும்போது எவ்வளவு எளிதாக வந்து நிற்கிறது!

சுப்ஹு தொழுது, வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவை ஓதிப் புறப்பட்டேன். இந்த வாகனத்தை வசப்படுத்தித் தந்தவன் அல்லாஹ்வே, நமக்கு அதற்கான ஆற்றல் இல்லை என்று ஒப்புக்கொள்ளும் துஆ அது. நா ஓதியது, உள்ளம் பாதையில் இருந்தது.

சுரு பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதி முழுவதும் முஸ்லிம் ஊர்கள். பெரும்பாலோர் ஷியாக்கள். சங்கூ, பானிக்கர் எனப் பாப்லர் மரங்களுக்கும் பார்லி வயல்களுக்கும் நடுவே பள்ளிவாசல்களின் தகரக் குவிமாடங்கள் வெயிலில் மின்னின. பாதையோரச் சிறுவர்கள் ஸலாம் சொல்லிக் கையை நீட்டினார்கள். ஊரிலிருந்து இத்தனை தொலைவில் அந்த ஒரு சொல்லுக்கு நான் அந்நியனாக இருக்கவில்லை. பானிக்கரைக் கடந்ததும் நுன், குன் என்னும் இரட்டைச் சிகரங்கள் தெரிந்தன. நுன் 7,135 மீட்டர், குன் 7,077 மீட்டர். எங்கள் ஊர் மலையை இரண்டு, மூன்று அடுக்கினாலும் அவற்றின் தோளைத் தொடாது.

பர்காசிக் அப்பள்ளத்தாக்கின் கடைசி முஸ்லிம் கிராமம். அதற்கு மேல் பௌத்தர்களின் சில குடியிருப்புகள், பிறகு வெட்டவெளி. ரங்தும் வந்தபோது லுஹர் நேரமாகிவிட்டது. குன்றின்மேல் ஒரு பௌத்த மடம், கீழே பல கிளைகளாகப் பிரிந்து ஓடும் ஆறு, காற்று. வேறு ஒன்றும் இல்லை. கைபேசியில் இணைப்பு அற்றுப்போய் நெடுநேரம் ஆகியிருந்தது.

ஒளூச் செய்ய ஓடையில் கை வைத்தேன். பனி உருகி வந்த நீர், விரல்கள் மரத்துப்போயின. அருகில் மண் இருந்தது. தயம்மும் செய்தால் என்ன என்று மனம் கேட்டது. நீர் கிடைத்தும் தயம்மும் செய்ய வேண்டுமானால், அந்நீரால் உடலுக்குத் தீங்கு நேரும் என்ற உண்மையான அச்சம் வேண்டும். எனக்கிருந்தது அச்சமன்று, சலிப்பு. ஆகவே ஒளூச் செய்தேன். சூரியனைக் கொண்டு திசை கணித்து, இங்கே மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே சாய்ந்து நின்று, இரண்டு ரக்அத் கஸ்ராகத் தொழுதேன். அந்த வெளியில் நெற்றியைத் தரையில் வைத்த இன்பத்தை மறைக்கமாட்டேன். தண்ணீர் விஷயத்தில் நேர்மையாக நடந்துகொண்டதில் சிறு பெருமிதமும் இருந்தது. முந்தைய இரவு சொன்ன அந்த ஒரு சொல் நினைவுக்கு வரவேயில்லை.

பனியாறுகளிலிருந்து வரும் ஓடைகள் காலையில் ஒடுங்கியும், வெயில் ஏறஏறப் பெருகியும் ஓடும். பிற்பகலில்தான் அவற்றின் வேகம் மிகுதி. இதைப் படித்திருந்தேன். ஆயினும் ரங்தும் தாண்டிச் சில கிலோமீட்டரில், பாதையை அறுத்துக்கொண்டு ஓடிய ஓர் ஓடையில் இரண்டரை மணியளவில் வண்டியை இறக்கினேன். நடு ஓடையில் முன்சக்கரம் ஓர் உருண்டைக் கல்லில் ஏறிச் சறுக்கியது. வண்டி இடப்புறம் சாய்ந்தது. என் இடக்கால் அதன் கீழ் அகப்பட்டது.

ஏறத்தாழ 200 கிலோ எடை. படுத்த நிலையில் அதை அசைக்கவும் முடியவில்லை. நீர் என் இடுப்பைச் சுற்றி ஓடியது. பேரச்சம் ஏதுமில்லை என்று முதலில் நினைத்தேன். சிறிது நேரம் சென்றதும், முதலில் வெளியே தெரிந்த ஒரு வெள்ளைக் கல் மூழ்கியிருப்பதைக் கண்டேன். ஓடை பெருகிக்கொண்டிருந்தது.

சகோதரர்களே, அப்போது நான் மரணத்தைப் பற்றிச் சிந்தித்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அதுவன்று. இங்கே எனக்கு ஏதேனும் நேர்ந்தால் என் மனைவி நண்பரை அழைப்பார், "ரெண்டு பேரும் சேந்துதானே போனீங்க?" என்று கேட்பார், நோயில் கிடக்கும் அந்த மனிதர் என்ன பதில் சொல்வார்? நான் அவளுக்கு விட்டுச்செல்லும் கடைசிச் சொல் ஒரு பொய்யாக இருக்கும்; அதைத் தெரிவிக்கும் பாரம் அவர் தலையில் விழும். நீரின் குளிரைவிட அந்த எண்ணமே என்னை நடுக்கியது. யா அல்லாஹ், அந்தச் சொல்லைத் திருத்தும் அளவுக்கு அவகாசம் கொடு என்றுதான் கேட்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

தட்டையான ஒரு கல் கைக்கு எட்டியது. அதைக் கொண்டு பாதத்தின் கீழிருந்த கூழாங்கற்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி அகற்றினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கால் விடுபட்டபோது காலணி உள்ளேயே தங்கிவிட்டது. கரையேறி நனைந்த உடையோடு அமர்ந்தேன். கணுக்கால் வீங்கியது. வண்டியைத் தூக்கும் வலிமை இல்லை. நடந்து போகவும் இயலாது.

ஏறத்தாழ நான்கு மணிக்குப் பதும் நோக்கி ஒரு டிப்பர் லாரி வந்தது. சாலைப் பணிக்குச் செல்லும் ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் ஏழெட்டுப் பேர் அதில் இருந்தனர். ஓட்டுநர் கார்கிலைச் சேர்ந்தவர். நான் வாய்திறந்து கேட்கும் முன்பே அவர்கள் நீரில் இறங்கிவிட்டனர். வண்டியைத் தூக்கி லாரியில் ஏற்றினர். ஓர் இளைஞர் தம் கம்பளியை எனக்குப் போர்த்தினார். என் இந்தியும் அவர்கள் இந்தியும் ஒன்றையொன்று அரைகுறையாகவே புரிந்துகொண்டன. அது போதுமானதாக இருந்தது.

ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரமுள்ள பென்ஸி லாவில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். கணவாயைத் தாண்டியதும் கீழே துருங்-துருங் பனியாறு வளைந்து கிடந்தது. எதைக் காண்பதற்காக வாக்கை மீறினேனோ, அதைப் பிறர் தோளைப் பற்றிக்கொண்டு நின்று கண்டேன். கணவாய்க்கு இப்புறத்து நீர் சுருவாகவும், அப்புறத்து நீர் ஸான்ஸ்கார் ஆறாகவும் ஓடி, வெவ்வேறு இடங்களில் சிந்து நதியையே அடைகின்றன என்று ஓட்டுநர் கையைக் காட்டி விளக்கினார். அங்கேயே அமர்ந்தபடி அஸர் தொழுதேன். தொழுது முடிக்கும்வரை அந்த ஜார்க்கண்ட் இளைஞர் காற்று வரும் பக்கமாக நின்றுகொண்டிருந்தார். அவர் முஸ்லிம் அல்லர். அவருக்காக நான் இன்றும் துஆச் செய்கிறேன்.

இரவு பதும் சேர்ந்தோம். அந்தச் சிற்றூரிலும் ஒரு முஸ்லிம் சமுதாயம் தலைமுறைகளாக வாழ்கிறது. கடைக்காரர் ஒருவர் தந்த கைபேசியில் மனைவியை அழைத்தேன்.

"நான் தனியாத்தான் வந்தேன். நேத்து உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "கால்ல அடியா? குரல் ஒரு மாதிரி இருக்கே" என்றார். நான் அடிபட்டதை இன்னும் சொல்லியிருக்கவில்லை. பொய்யைப் பற்றி அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. ஊர் திரும்பி வீக்கம் வற்றிய பிறகு ஒருநாள்தான் கேட்டார்: "உண்மையச் சொல்லியிருந்தா நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அதுக்காகத்தானே சொல்லல?" ஆம் என்றேன். அதற்கு மேல் விளக்கம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. நண்பரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

லடாக் செல்ல விரும்பும் இளைஞர்களுக்குச் சில சொற்கள். லேயில் குறைந்தது இரண்டு நாள் உடலைப் பழக்குங்கள். நாங்கள் சென்றபோது நம் ஊர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யவில்லை, போஸ்ட்பெய்டு வேண்டியிருந்தது. ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். ஹனஃபி மத்ஹபில் ஏறத்தாழ 78 கி.மீ. தாண்டிய பயணத்தில் கஸ்ர் உண்டு, இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவதில்லை. ஷாஃபிஈ சகோதரர்களுக்குச் சேர்த்துத் தொழவும் அனுமதி உண்டு. புறப்படும் முன் கற்றுக்கொள்ளுங்கள். துணையின்றிச் செல்லாதீர்கள். செல்லும் வழியை வீட்டாரிடம் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.

இப்போது பயண ஒழுக்கப் பாடம் வரும்போது மாணவர்களிடம் என் கணுக்காலைக் காட்டுகிறேன். மழைக்காலத்தில் இன்னும் சற்று வலிக்கிறது. நபி (ஸல்) அவர்களின் அந்த அறிவுரையை முன்பு ஒரு விதி என்று கற்பித்தேன். நம்மை வீட்டில் காத்திருப்பவர்களின் மீது காட்டிய இரக்கமும் அதில் இருக்கிறது என்று இப்போது சேர்த்துச் சொல்கிறேன்.

அல்லாஹ் நம் பயணங்களையும் நம் சொற்களையும் பாதுகாப்பானாக! ஆமீன்.