ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு

கண்ணாடிப் புட்டியைப் படமெடுக்க முனைபவன் முதலில் கற்றுக்கொள்ளும் பாடம், புட்டியின் மீது வெளிச்சம் போடக் கூடாது என்பதுதான். நேராக விளக்கைக் காட்டினால் விளக்கின் உருவமும், அதன் பின்னால் கேமராவும் கையுமாக நிற்கும் நம் உருவமும் புட்டியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். நேராக விழும் ஒளியில் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கை மட்டுமே கண்ணாடி திருப்பி அனுப்புகிறது. மிச்சமெல்லாம் ஊடுருவிச் சென்றுவிடுகிறது. கண்ணாடிக்கென்று தனித்த தோற்றம் ஏதுமில்லை. அதைச் சுற்றி இருப்பவையே அதன் தோற்றம்.

இந்தச் சிக்கல் புகைப்படக் கலையின் குழந்தைப் பருவத்திலேயே இருந்திருக்கிறது. ஃபாக்ஸ் டால்பாட் 1844இல் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கிய ‘தி பென்சில் ஆஃப் நேச்சர்’ நூலில் பீங்கான் பாத்திரங்களின் படத்தை அடுத்துக் கண்ணாடிப் பொருட்களின் படம் வருகிறது. இரண்டையும் சேர்த்து எடுத்தால் சரிவராது, பீங்கான் முழுதாகப் பதிந்து முடியும்போது கண்ணாடி பதியவே தொடங்கியிருக்காது என்று அவர் எழுதியிருக்கிறார்.

என் ஸ்டூடியோ என்பது மாம்பலத்து வாடகை வீட்டின் பத்துக்குப் பத்து அறை. ஒரு பழைய சாப்பாட்டு மேசை, மரச்சட்டத்தில் ஒட்டிய பட்டர் பேப்பர், இரண்டு விளக்குகள், கறுப்புச் சார்ட் அட்டைகள், ஜன்னலை மூட ஒரு கம்பளி. செக்கு எண்ணெயும் தேனும் அத்தரும் அடைத்த புட்டிகளை இங்கேதான் எடுத்து வருகிறேன். சென்ற ஆண்டு ஒருநாள் காலை, மாமா கோவில்பட்டியிலிருந்து ஒரு சாக்குப் பையோடு வந்து இறங்கினார். பையில் வைக்கோலுக்கு நடுவே பன்னிரண்டு கோலி சோடாப் புட்டிகள்.

நாற்பது ஆண்டுகள் நடத்திய சோடாக் கம்பெனியை மாமா மூடியிருந்தார். 1872இல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற அமைப்புதான் அந்தப் புட்டி. உள்ளிருக்கும் வாயுவே கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்தி அடைத்துவிடும், மூடி தேவையில்லை. இப்போது அவற்றை அலங்காரத்துக்காக வாங்குகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“மாப்ளே, பாக்க புதுசு மாதிரி எடுத்துக் குடு. கடன் ஒண்ணு நிக்குது” என்றார்.

கண்ணாடியை எடுக்க இரண்டு வழிகள் உண்டு. பின்னால் வெள்ளை ஒளியை நிரப்பி, சட்டகத்துக்குச் சற்று வெளியே இருபுறமும் கறுப்பு அட்டைகளை நிறுத்துவது ஒன்று. புட்டியின் ஓரங்கள் கறுப்புக் கோடுகளாக விழும். உடம்பு தெளிந்த நீர்போல இருக்கும். கீறல்கள் பெரும்பாலும் வெள்ளையில் கரைந்துவிடும். மற்றொன்று இதற்கு நேர் எதிர். பின்னால் கறுப்பு அட்டை, அதைச் சுற்றிலும் ஒளி. ஓரங்கள் வெள்ளையாக எரியும். கூடவே ஒவ்வொரு தூசியும் ஒவ்வொரு கீறலும் எரியும்.

இரண்டு விதமாகவும் எடுத்துக் காட்டினேன். முதல் படத்தில் மாமா கேட்ட புதுப் புட்டி இருந்தது. இரண்டாவதில் புட்டியின் வயிற்றைச் சுற்றி மேகம்போல ஒரு வெண்ணிற வளையம். மரப்பெட்டியில் ஒன்றோடொன்று உரசி, சைக்கிளில் ஊர் ஊராகப் போய்த் திரும்பிய ஆண்டுகளின் தேய்மானம் அது. எனக்கு அதுதான் படம். அதையே போடலாம் என்று வாதாடினேன். கடன் என்னுடையதல்ல என்பதால் அந்த அழகை ரசிப்பது எனக்குச் சுலபமாக இருந்தது என்று பிறகுதான் உறைத்தது.

மாமா திரையை வெகுநேரம் பார்த்தார். “கீறலக் காட்டினா பாதி விலைக்குக் கேப்பான். காட்டாம வித்தா திருப்பி அனுப்புவான். ரெண்டையும் போடு மாப்ளே.” அத்தனை ஆண்டு வியாபாரத்தின் நேர்மை அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. கலைஞனின் நேர்மையைவிட அது உறுதியானது என்று தோன்றியது.

மீதிப் புட்டிகளையும் கறுப்புப் பின்னணியில் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். இடது ஓரத்தில், கழுத்திலிருந்து அடிவரை, நான் வைக்காத ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. புட்டியின் வடிவத்தை அதுதான் நிறுத்திக் காட்டியது. எந்த விளக்கிலிருந்து வருகிறது என்று தேடிச் சலித்தேன். மேசைக்கு இடப்பக்கம் நின்று வேடிக்கை பார்த்த மாமா, தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனார். கோடும் போய்விட்டது.

அவருடைய வேட்டிதான்.

“மாமா, கொஞ்சம் வந்து அதே இடத்துல நில்லுங்க” என்றேன். காரணம் கேட்காமல் வந்து, மீதிப் புட்டிகள் முடியும்வரை அசையாமல் நின்றார்.

மூன்று மாதத்தில் பன்னிரண்டும் விற்றுவிட்டன. கடனில் ஒரு பகுதி அடைந்தது என்று போனில் சொன்னார். படங்கள் என்னிடம் இருக்கின்றன. பெரிதாக்கிப் பார்த்தால் அந்தக் கோட்டின் கீழ்ப்பகுதியில் வேட்டிக் கரையின் பச்சை லேசாகத் தெரியும். வழக்கமாக இப்படிப்பட்ட நிறக் கசிவை அழித்துவிடுவேன். இதை அழிக்கவில்லை.