நாலு கால் கணக்கு

பேரம் பேசுவதில் எங்கள் அத்தையை ஜயிக்க இரும்புலியூரில் ஆள் கிடையாது. கீரைக்காரியிலிருந்து கல்யாண மண்டபத்து மானேஜர் வரை எல்லோரும் அவளிடம் தோற்றவர்கள்தாம்.

சென்ற தை மாதம் அத்தையின் பெண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு ஸாரட் வண்டி வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் ஆசைப்பட்டார்கள். வண்டிக்காரப் பாய் எட்டாயிரம் கேட்டார். அத்தை ஆறாயிரத்து ஐந்நூறில் பேச்சை முடித்துவிட்டு, "பார்த்தாயா?" என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நானும் மெச்சிக்கொண்டேன்.

அழைப்பு தினத்தன்று மாலை ஸாரட் வந்தது. ஜரிகைக் குஞ்சம், நெற்றிப்பட்டம், கழுத்தில் சதங்கை என்று குதிரை கல்யாணப் பெண்ணுக்குப் போட்டியாக நின்றது. ஆனால், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்பும்போதே பார்த்தேன், முன்னங்கால் ஒன்றை அது ஊன்றத் தயங்கியது.

"காலில் என்ன பாய்?" என்றேன்.

அவர் முதலில் மழுப்பினார். பிறகு குனிந்து அந்தக் காலைத் தூக்கிக் காட்டினார். குளம்பு வளர்ந்து லாடத்தின் விளிம்பைத் தாண்டியிருந்தது. இரண்டு ஆணிகளைக் காணோம். லாடம் நகர்ந்து உள்ளங்காலை அழுத்திக்கொண்டிருந்தது.

"நம்ம நகம் மாதிரிதாம்மா இது. மாசத்துக்குக் கால் அங்குலத்துக்கு மேலே வளரும். லாடம் இருக்கிறதாலே தேயாது. ஆறு வாரத்துக்கு ஒரு தரம் கழற்றி, சீவி, மறுபடி அடிக்கணும். ஒரு காலுக்கு ஆறு ஆணியாவது வேணும். லாடக்காரர் வந்துபோகிற செலவோடு எனக்கு ஒரு தடவைக்கு ஆயிரத்து ஐந்நூறு ஆகுது. இந்தத் தடவை மூணு மாசமாச்சு."

"ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டாள் அத்தை.

"கொள்ளைக் குறைச்சா குதிரை அன்னிக்கே படுத்துடும். லாடத்தைத் தள்ளிப் போட்டா உடனே தெரியாது. கூலி குறைஞ்சா நான் கை வைக்கிற இடம் அதுதாம்மா."

ஆயிரத்து ஐந்நூறு! அத்தை என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை அந்தப் பார்வையில் வெற்றி இல்லை.

ஆறு வாரத்துக்கு ஒரு தரம் என்றால் வருஷத்துக்கு எட்டு அல்லது ஒன்பது முறை. மழை பெய்தாலும், ஆடியில் கல்யாணம் இல்லாமல் வருமானம் நின்றாலும், குளம்பு வளர்வதை நிறுத்தாது.

நாதஸ்வரக்காரர் சீவாளியைச் சரிபார்க்க ஆரம்பித்துவிட்டார். சம்பந்தி வீட்டாரிடம் யார் சொல்வது? "பெண் வீட்டார் ஒரு வண்டிகூடச் சரியாகப் பிடிக்கவில்லை" என்ற பேச்சு காலத்துக்கும் நிற்குமே! அத்தை ஒரு நிமிஷம் புடைவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள். பிறகு நேரே சம்பந்தியம்மாளிடம் போனாள்.

"குதிரைக்குக் கால் வலி. அதன்மேல் மங்கள காரியத்தைச் சுமத்த எனக்கு மனசு வரவில்லை. நான் பேரம் பேசியதும் ஒரு காரணம்" என்றாள்.

சம்பந்தியம்மாள் முகம் சுருங்கியது என்னவோ உண்மைதான். ஆனால் மாப்பிள்ளை சிரித்துவிட்டார். "இரண்டு தெருதானே அத்தை, நடந்தே வருகிறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஊர்வலமே நடந்தது.

அத்தை பாயிடம் முழு எட்டாயிரத்தையும் கொடுத்தாள். "குதிரையை நடத்திக் கொண்டுபோகாதீர்கள், வண்டியில் ஏற்றுங்கள். வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு லாடம் அடியுங்கள்" என்றாள்.

1960-ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தின்படி, நோயோ புண்ணோ உள்ள பிராணியை வேலை வாங்குவது குற்றம். அதில் அகப்படுகிறவர் பாய்தான். விலையைக் குறைத்த நம்மை எந்தச் சட்டமும் கேட்காது.

அத்தை இன்னும் கீரைக்காரியிடம் பேரம் பேசுகிறாள். ஆனால் போன வாரம் எதிர்வீட்டு மாமி பேரனின் பூணூலுக்கு ஸாரட் பேச வந்தபோது, அத்தை முதலில் சொன்ன வார்த்தை இதுதான்: "குஞ்சத்தைப் பார்க்காதீர்கள் மாமி. காலைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் விலை பேசலாம்!"