ஆறு சபையாரின் ஓர் ஆலயம்

ஜெருசலேம் பழைய நகரத்தின் கடைவீதிகள் மிகவும் குறுகலானவை. மசாலைப் பொதிகளுக்கும் ஜெபமாலைக் கடைகளுக்கும் நடுவே வளைந்து வளைந்து செல்லும் சந்து ஒன்று, திடீரென்று ஒரு சிறு கல் முற்றத்தில் கொண்டுபோய் விடுகிறது. முற்றத்தின் வடபுறத்தில் நிற்பதுதான் திருக்கல்லறைத் தேவாலயம். ஏசுநாதர் சிலுவையில் அறையுண்ட குன்றும், அவர் அடக்கம் செய்யப்பெற்ற குகையும் இந்த ஒரே கூரையின் கீழ் இருப்பதாகக் கிறிஸ்தவ உலகத்தில் பெரும்பாலோர் நம்பி வருகிறார்கள். ஸ்தலத்தின் மகிமைக்கு ஏற்ற கம்பீரத்தை வெளித்தோற்றத்தில் எதிர்பார்த்துச் செல்பவர்களுக்கு ஏமாற்றந்தான். இரட்டை வாயில்களில் ஒன்று கல்லால் அடைக்கப்பட்டிருக்கிறது. மேலே ஜன்னல் அடியில் ஒரு பழைய மர ஏணி சாத்தியிருக்கிறது.

அந்த ஏணியின் கதையை அறிந்தால் ஆலயத்தின் கதையில் பாதியை அறிந்தவாறாகும். 1728-ஆம் ஆண்டுச் சித்திரம் ஒன்றிலேயே அவ்விடத்தில் ஏணி காணப்படுகிறது. பாகஸ்தர்களின் ஓயாத வழக்குகளைக் கேட்டுச் சலித்த துருக்கி சுல்தான்கள், முதலில் 1757-லும் பிறகு 1852-லும் ஒரே மாதிரியான தீர்ப்பை அளித்தார்கள்: இன்று எது யாரிடம் எப்படி இருக்கிறதோ, அது அப்படியே இருக்கட்டும்! ஆகையால், எல்லோரும் சம்மதித்தாலொழிய ஏணியை எடுக்க ஒருவருக்கும் அதிகாரமில்லை.

கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபை, ரோமன் கத்தோலிக்க சபை, ஆர்மீனிய சபை ஆகிய மூன்றும் பெரிய பாகஸ்தர்கள். எகிப்தின் காப்டிக் சபையாருக்கும், சிரிய சபையாருக்கும், எத்தியோப்பியருக்கும் சிறு சிறு உரிமைகள் உண்டு. கிறிஸ்தவ மதத்தின் பிரிவுகளைப் பற்றி மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது கடினமான காரியம். இந்த ஆலயத்தை ஒருமுறை சுற்றிவந்தால் அது எவ்வளவோ எளிதாகிவிடுகிறது.

வாயிலுக்குள் நுழைந்து வலப்புறம் செங்குத்தான படிகளில் ஏறினால் கல்வாரிக் குன்றின் உச்சி. அங்கே இரண்டு பீடங்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்று கத்தோலிக்கருடையது, மற்றது கிரேக்கருடையது. இரண்டுக்கும் இடையில் தேவமாதாவின் உருவச் சிலை ஒன்று உண்டு, அது கத்தோலிக்கருடையது. கிரேக்கர் சிலை வடிப்பதில்லை. தட்டையான பலகையில் தீட்டிய திருவுருவங்களையே முத்தமிட்டு வணங்குவார்கள். கத்தோலிக்கர் சிலுவைக் குறி இடும்போது கை இடத் தோளிலிருந்து வலத்துக்குச் செல்லும். கிரேக்கருக்கு வலத்திலிருந்து இடம். திருப்பலியில் இவர்கள் படைப்பது புளிப்பில்லாத அப்பம். அவர்கள் படைப்பது புளித்த அப்பம். இலத்தீன் முறைக் கத்தோலிக்கக் குருமார் பிரமசாரிகள். கிரேக்கரிலோ, மணம் செய்துகொண்டவரும் பிறகு குருவாகலாம். மேற்றிராணியாராவதற்குத்தான் துறவு வேண்டும்.

இவையெல்லாம் வெளி அடையாளங்கள். உள்ளே இருக்கும் வழக்கு வேறு. ரோமாபுரிப் போப்பாண்டவருக்குச் சபை முழுவதன்மேலும் ஆளும் அதிகாரம் உண்டு என்பது கத்தோலிக்கர் கொள்கை. முதல் மரியாதை வேண்டுமானால் தரலாம், ஆட்சி உரிமை தர இயலாது என்பது கிரேக்கர் கட்சி. பரிசுத்த ஆவி பிதாவிடமிருந்து மட்டும் புறப்படுகிறதா, 'குமாரனிடமிருந்தும்' புறப்படுகிறதா என்ற வாதமும் அதனுடன் சேர்ந்துகொண்டது. 1054-ல் இரு தரப்பாரும் ஒருவரையொருவர் சபைக்குப் புறம்பாக்கினார்கள். அந்தச் சாபங்கள் நீங்க ஒன்பது நூற்றாண்டுகள் சென்றன. 1964-ல் போப் ஆறாம் பால் அவர்களும் பிதாப்பிதா அத்தனகோரஸ் அவர்களும் இதே ஜெருசலேம் நகரில் சந்தித்தார்கள். மறு ஆண்டில் சாபங்கள் விலக்கப்பட்டன. ஆனால் சபைகள் ஒன்றாகவில்லை.

ஆர்மீனியர், காப்டியர், சிரியர், எத்தியோப்பியர் ஆகியோர் பிரிந்தது இதற்கும் வெகு காலத்துக்கு முன்னர். 451-ல் கால்சிடான் நகரில் கூடிய மகாசபை, கிறிஸ்துவிடம் தெய்வத்தன்மை, மனிதத்தன்மை என்னும் இரண்டு இயல்புகள் கலவாமலும் பிரியாமலும் உள்ளன என்று முடிவு செய்தது. இரண்டும் ஒன்றிய ஒரே இயல்பு என்பதே சரி என்று இவர்கள் மறுத்தார்கள். ஏட்டில் பார்த்தால் நூலிழை வித்தியாசந்தான். ஆனால் அந்த நூலிழைக்குப் பின்னால், கான்ஸ்டாண்டிநோபிள் சக்கரவர்த்தியின் ஆதிக்கத்தை எகிப்தும் சிரியாவும் வெறுத்த வெறுப்பும் இருந்தது. நம் மலையாளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களில் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் யாக்கோபாயரும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே.

கல்லறை மண்டபத்தின் பின்புறம் ஒட்டினாற்போல் காப்டியரின் சின்னஞ் சிறு பீடம் இருக்கிறது. அதற்கு எதிரே சிரியர் வழிபடும் அறை, சுவரெல்லாம் கரியேறிப் பாழடைந்து கிடக்கிறது. அதன் உரிமை பற்றி ஆர்மீனியருடன் வழக்கு இருப்பதால் செப்பனிட வழியில்லை. எல்லோரையும்விட எளியவர்கள் எத்தியோப்பியத் துறவிகள். அவர்கள் ஆலயத்தின் கூரைமேல், மண் குடிசை போன்ற அறைகளில் வசிக்கிறார்கள். அந்த இடத்தின் பேரிலும் காப்டியருக்கும் அவர்களுக்கும் தகராறு. 2002-ல் ஒரு காப்டியத் துறவி வெயிலுக்காகத் தமது நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினார். அதிலிருந்து கைகலப்பு மூண்டு பதினொருவர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்!

சிரிக்கத் தோன்றுகிறது. ஆனால் இந்தச் சண்டைகளுக்கு அந்நிய சாம்ராஜ்யங்கள் எண்ணெய் வார்த்த கதை சிரிப்பதற்குரியதல்ல. 1847-ல் பெத்லகேம் ஆலயத்தில் கத்தோலிக்கர் பதித்திருந்த வெள்ளி நட்சத்திரம் காணாமற்போயிற்று. கத்தோலிக்கருக்குப் பிரான்சும், ஆர்த்தடாக்ஸ் சபையாருக்கு ருஷியாவும் பரிந்து பேச வந்தன. புண்ணிய ஸ்தலங்களின் பாதுகாப்பு என்ற அந்தப் பேச்சு, 1853-ல் தொடங்கிய கிரிமியப் போருக்கு ஒரு முகாந்திரமாயிற்று. லட்சக்கணக்கான போர்வீரர்கள் மாண்டார்கள். நாடு பிடிக்கும் ஆசைக்குப் பக்தி வேஷம் எவ்வளவு பொருத்தமாக அமைகிறது!

பிராட்டஸ்டண்டு மதத்தாருக்கு இந்த ஆலயத்தில் பங்கு கிடையாது. 1517-ல் மார்ட்டின் லூதர் கிளப்பிய இயக்கம் அவர்களுடையது. வேதமே பிரமாணம், விசுவாசமே இரட்சிப்பு என்பார்கள். போப்பின் அதிகாரத்தையும், அர்ச்சிஷ்டர்களை நோக்கி வேண்டுவதையும் ஒப்புவதில்லை. வேதத்தை அவரவர் தாய்மொழியில் படிக்க வேண்டும் என்ற அவர்களுடைய பிடிவாதத்தினால் நமக்கும் ஒரு பலன் உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். ஜெருசலேமில் அவர்கள் கட்டிய லூதரன் கோயில் இந்த முற்றத்துக்குச் சில அடி தூரத்திலேயே இருக்கிறது. 1898-ல் ஜெர்மன் கெய்ஸரே நேரில் வந்து அதன் பிரதிஷ்டையில் கலந்துகொண்டார். மதிலுக்கு வெளியே, 1883-ல் ஜெனரல் கார்டன் சுட்டிய வேறொரு கல்லறைத் தோட்டத்தையும் பிராட்டஸ்டண்டுகள் பலர் நாடிச் செல்கிறார்கள். அந்தக் குகை ஏசுநாதர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. ஆனால் அமைதியும் மர நிழலும் அங்கேதான் கிடைக்கின்றன.

கல்லறை மண்டபம் 1808-ல் நேர்ந்த தீ விபத்துக்குப்பின் கிரேக்கர்களால் கட்டப்பட்டது. 1927-ல் பூகம்பம் வந்து ஆலயத்தை உலுக்கிற்று. ஆங்கிலேயர் தங்கள் ஆட்சி முடியும் தறுவாயில், 1947-ல், மண்டபத்துக்கு இரும்புச் சட்டங்களை முட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். யார் செப்பனிடுவது என்ற வழக்கில், எழுபது வருஷ காலம் அந்த முட்டுகளிலேயே கல்லறை நின்றது. செப்பனிட்டவனுக்கே உரிமை என்பது அங்குள்ள ஐதிகம். ஆகவே ஒருவரை மற்றவர் விடுவதில்லை. கடைசியில் மண்டபம் எல்லோர் தலையிலும் விழுந்துவிடும் என்ற நிலை வந்தபோது, மூன்று பெரிய சபையாரும் கூடிப் பேசிச் சம்மதித்தார்கள். ஆதென்ஸ் நகரப் பொறியியல் பேராசிரியர்கள் வந்து 2016-ல் வேலை தொடங்கினார்கள். 2017 மார்ச்சு மாதம் மண்டபம் புதுப் பொலிவுடன் திறக்கப்பட்டது. இரும்பு முட்டுகளும் அகன்றன.

ஆலயத்தின் சாவி எந்தச் சபையாரிடமும் இல்லை. சாவியை வைத்திருப்பது ஒரு முஸ்லிம் குடும்பம். கதவைத் திறந்து மூடுவது மற்றொரு முஸ்லிம் குடும்பம். சலாதீன் சுல்தான் காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு என்கிறார்கள். மாலையில் கதவை மூடியதும், காவற்காரர் சிறு ஏணியில் ஏறி மேற்பூட்டைப் பூட்டுகிறார். பிறகு கதவிலுள்ள சிறு துவாரத்தின் வழியாக அந்த ஏணியை உள்ளே தள்ளிவிடுகிறார். உள்ளே இருக்கும் துறவிகள் அதை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். இரவில் அவர்கள் வெளியே வரமுடியாது. நள்ளிரவுக்குப் பின் கிரேக்கரும், அவர்களுக்குப்பின் ஆர்மீனியரும், விடியுமுன் கத்தோலிக்கருமாக, அதே கல்லறையில் முறை வைத்துப் பூஜை நடத்துகிறார்கள்.