அப்பாவின் காதில் ஒரு சிள்வண்டு

“தம்பி, காதுக்குள்ள சிள்வண்டு விடாம கத்துதுப்பா.”

என் தந்தையார் இதைச் சொல்லாத நாளில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துப் பாறைகளை நம்பிப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. இருபத்தைந்து ஆண்டுகள் கல்குவாரியில் சம்மட்டி பிடித்தவர் அவர். வெடிச் சத்தத்திலும் துளைபோடும் எந்திரத்தின் இரைச்சலிலுமே அவருடைய இளமை கழிந்தது. அம்மா எண்ணெயை வெதுவெதுப்பாகக் காய்ச்சிக் காதில் விட்டுப் பார்த்தாள். சிள்வண்டு ஓயவில்லை.

எங்கள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சேர்ந்த அன்று அப்பாவும் பெருமையோடு உடன் வந்தார். பேருந்து நிலையக் கூட்டத்தில் நடத்துநர் ஏதோ கேட்டார். அப்பாவுக்கு அது விளங்கவில்லை, வெறுமனே தலையாட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? “காது கேக்கலையா? வீட்ல மட்டும் நல்லாக் கேக்குதுல்ல?” என்று அத்தனை பேர் முன்னிலையிலும் கத்தினேன். அவர் மறுமொழி சொல்லவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை இவ்வாண்டு விலங்கியல் வகுப்பில்தான் கிடைத்தது.

நரம்பணு என்றாலே அடுத்த அணுவைத் தூண்டிவிடுவது என்றுதான் எண்ணியிருந்தேன். ஆனால், மூளைப் புறணியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு நரம்பணுவின் வேலை தூண்டுவதன்று, அடக்குவது! ‘காபா’ என்னும் வேதிப்பொருளைச் சுரந்து இவை மற்ற அணுக்களை அமைதிப்படுத்துகின்றன. இப்பொருள் மூளையில் இருப்பதை 1950இல் யூஜின் ராபர்ட்ஸ் கண்டறிந்தார். நரம்பணுக்கள் ஒன்றையொன்று தூண்டுவதையும் அடக்குவதையும் ஆராய்ந்த ஜான் எக்கிள்ஸ், 1963இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கேட்பதற்கு எதற்கு அடக்கம்? கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளை நம் புதுக்கோட்டைக்காரர். கஞ்சிராவில் விரல்கள் எவ்வளவு விரைந்தாலும் ஒவ்வொரு தட்டும் தனித்தனியே கேட்கிறதல்லவா? ஓர் ஒலி மூளையணுக்களைத் தூண்டிய சில மில்லி விநாடிகளில் அடக்கும் அணுக்கள் அத்தூண்டலை நிறுத்திவிடுகின்றன. ஆகவே அடுத்த தட்டு முந்தைய தட்டோடு குழம்புவதில்லை. அவ்வாறே ஒரு சுருதிக்குரிய அணுக்கள் எழும்போது, அண்டைச் சுருதிக்குரியவை அடக்கப்படுகின்றன, ஒலி துலங்குகிறது. இரைச்சலுக்கு நடுவே ஒரு குரலைப் பிரித்தறியவும் இந்த அடக்கமே துணை.

நம் ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் உள்ளன. பேரிரைச்சலால் அழிந்தவை மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை. காதிலிருந்து வரும் செய்தி குறையக் குறைய, மூளையில் அடக்கும் அணுக்களின் பிடி தளர்கிறது. மற்ற அணுக்கள் தாமாகவே துடிக்கின்றன. இல்லாத ஒலி கேட்கிறது. காதிரைச்சலுக்கு ஆய்வாளர் பலர் தரும் விளக்கம் இது. காதின் குறையோடு இந்தத் தளர்ச்சியும் சேர்ந்தால் கூட்டத்தில் பேச்சு விளங்காது. வீட்டின் அமைதியில் கேட்ட அப்பாவுக்குப் பேருந்து நிலையத்தில் கேட்காமற்போனது அதனால்தான்.

நண்பர்களே! உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். தறியோ, அரவை எந்திரமோ, கல்குவாரியோ, செவியைக் கெடுக்கும் தொழில்கள் பல. அவர்கள் காதில் வாங்காமல் இருக்கிறார்கள் என்று கோபிக்காதீர்கள்.

சென்ற விடுமுறையில் திண்ணையில் அமர்ந்து, அப்பாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். “சிள்வண்டு காதுல இல்லப்பா, மூளையில. சத்தத்த அடக்குற காவக்காரன் அசந்துட்டான்.”

“இதுக்கு மருந்து இருக்கா?”

“அடியோட நிறுத்துற மருந்து இன்னும் வரலப்பா.”

சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “எனக்குச் சொன்னது போதும். அண்ணனுக்குச் சொல்லு” என்றார்.

அண்ணன் இன்றும் குவாரிக்குத்தான் போகிறார். உதவித்தொகைப் பணத்தில் ஒரு சோடி காதடைப்பான் வாங்கி அவர் கையில் கொடுத்தேன். அன்று பேருந்து நிலையத்தில் கத்தியதற்கு அப்பாவிடம் மன்னிப்பும் கேட்டேன். இம்முறை கத்தவில்லை, அருகில் அமர்ந்து, முகம் பார்த்து, மெதுவாகக் கேட்டேன். அவருக்கு நன்றாகவே கேட்டது.